மைனிங்கில் ஓடிய கிராபிக்ஸ் கார்டை வாங்கலாமா?

கம்ப்யூட்டர் வாங்கி ஓராண்டு ஆவதற்குள் பலருக்கும் ஓர் ஆசை வந்துவிடுகிறது. நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்று போட்டுக்கொண்டால் என்ன? கடையில் விலை விசாரித்தால் மயக்கம் வருகிறது. முழுக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்த பணத்தில் பாதியைக் கேட்கிறார்கள். சில கார்டுகளுக்கு அதைவிடவும் கூடுதல். பிறகுதான் பழைய கார்டின் பக்கம் கண் போகிறது. அங்கே போனதும் ஒரு வாக்கியம் காதில் விழும். "சார், இது மைனிங் கார்டு இல்லை." அடுத்த இடத்தில் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். மைனிங் என்றால் என்ன என்று கேட்பவருக்குத் தெரியாது. ஆனால் ஏதோ தீராத நோய் போலத் தோன்றும்.

நான் சாப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன். கார்டு விற்பதில் எனக்கு ஒரு பைசா லாபம் கிடையாது. நண்பர்களும் உறவினர்களும் பழைய கார்டு வாங்கப் போகும்போது துணைக்கு அழைப்பார்கள். அந்த வகையில் பல கார்டுகளைச் சோதித்துப் பார்த்திருக்கிறேன். மைனிங்கில் ஓடியது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு கார்டை ஒதுக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. ஆனால் அதில் எது தேய்ந்திருக்கும், எது தேய்ந்திருக்காது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும்.

அதற்கு முன் ஒரு கேள்வி. உங்களுக்குக் கார்டு உண்மையிலேயே தேவையா? கடிதம் டைப் செய்வது, இணையம் பார்ப்பது, சினிமா பார்ப்பது, கணக்கு எழுதுவது இவ்வளவுதான் வேலை என்றால், பெரும்பாலான பிராசசர்களில் உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் போதும். புதிய கேம்கள், முப்பரிமாண அனிமேஷன், பெரிய அளவில் வீடியோ எடிட்டிங் என்று போனால்தான் தனிக் கார்டு பயன் தரும்.

மைனிங் என்றால் என்ன?

கிரிப்டோ நாணயங்களில் யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்ற கணக்கு, ஒரு வங்கியில் இல்லாமல் உலகெங்கும் உள்ள பல கம்ப்யூட்டர்களில் பதிவாகிறது. அந்தப் பேரேட்டில் புதிய பக்கம் சேர்க்க வேண்டும் என்றால், முதலில் ஒரு புதிரின் விடையைக் கண்டுபிடிக்க வேண்டும். சூட்கேஸ் பூட்டின் எண் மறந்துபோனால் 000, 001, 002 என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்போம் அல்லவா? அதே வேலைதான். புத்திசாலித்தனத்துக்கு இடமில்லை. யார் வேகமாகத் திருப்புகிறாரோ அவருக்கு வாய்ப்பு அதிகம். விடை கண்டவருக்குப் புதிய நாணயங்கள் பரிசாகக் கிடைக்கும். இதைத்தான் மைனிங் என்கிறார்கள்.

ஒரே மாதிரியான சிறு கணக்குகளை ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் போடுவதில் கிராபிக்ஸ் கார்டு கில்லாடி. திரையில் உள்ள லட்சக்கணக்கான புள்ளிகளுக்கு நிறம் கணக்கிடத்தான் அது உருவாக்கப்பட்டது. அந்தத் திறமை இந்தப் பூட்டைத் திருப்பவும் உதவியது. ஆர்.டி.எக்ஸ். 3060 டிஐ என்ற கார்டு ஈத்தரியம் நாணயத்துக்காக விநாடிக்குச் சுமார் 6 கோடி முறை திருப்பிப் பார்த்தது.

பிட்காயினுக்கு இதற்கென்றே செய்யப்பட்ட தனிச் சிப்கள் 2013 வாக்கில் வந்துவிட்டதால், அங்கே கிராபிக்ஸ் கார்டுக்கு மதிப்பு போய்விட்டது. கார்டுகளைக் கட்டுக்கட்டாக வாங்க வைத்தது 2015-ல் தொடங்கிய ஈத்தரியம்தான். 2017-லும், மறுபடியும் 2020 இறுதியிலிருந்து 2022 வரையிலும் கடைகளில் கார்டு கிடைக்காமல் கேம் பிரியர்கள் தவித்தது இதனால்தான். பிறகு 2022 செப்டம்பர் 15 அன்று ஈத்தரியம் தன் முறையையே மாற்றிக்கொண்டது. புதிர் விடுவிக்கும் வேலை அன்றோடு நின்றது. இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்த கார்டுகளுக்கு ஒரே நாளில் வேலை போயிற்று. வேறு சில சிறு நாணயங்கள் இருந்தாலும், பெரும்பாலானோருக்கு அவை மின் கட்டணத்துக்கே கட்டுப்படியாகவில்லை. அந்தக் கார்டுகள்தான் பழைய சந்தைக்கு வந்தன.

எது தேயும், எது தேயாது?

"இரண்டு வருடம் நிற்காமல் ஓடியிருக்கிறதே, சிப் தேய்ந்து வேகம் குறைந்திருக்காதா?" என்று பலரும் கேட்பார்கள். சிப்பில் அசையும் பாகம் எதுவும் இல்லை. அளவான சூட்டில், அளவான மின்சாரத்தில் ஓடும் சிப் வருடக்கணக்கில் ஓடும். சொல்லப்போனால், சூடாவதும் ஆறுவதும் மாறி மாறி நடந்தால்தான் சிப்பின் அடியில் உள்ள ஈயப் பற்றுகள் விரிந்து சுருங்கி வலுவிழக்கும். கேம் ஆடும் கார்டில் இது தினமும் நடக்கிறது. மைனிங் கார்டோ ஒரே சூட்டில் மாதக்கணக்கில் இருக்கும்.

இன்னொன்று, மைனிங் செய்பவருக்கு மின் கட்டணம்தான் பெரிய செலவு. எனவே விவரம் தெரிந்தவர்கள் கார்டு இழுக்கும் மின்சாரத்தைக் குறைத்து வைப்பார்கள். 3060 டிஐ கார்டு கேம் ஆடும்போது 200 வாட் வரை எடுக்கும். மைனிங்கில் அதை 120, 130 வாட்டில் ஓட்டினார்கள். அந்த வகையில் சிப்புக்குக் கேமை விட மைனிங் இலேசான வேலைதான்.

அப்படியானால் பயமே வேண்டாமா? வேண்டும். ஆனால் சிப்பைப் பார்த்து அல்ல. அதைச் சுற்றி இருக்கும் பொருள்களைப் பார்த்து.

முதலில் ஃபேன். இது அசையும் பாகம், இதுதான் தேயும். நாளைக்கு 3 மணி நேரம் கேம் ஆடுபவரின் கார்டில் ஃபேன் ஆண்டுக்கு 1,095 மணி நேரம் சுற்றும். மைனிங்கில் 24 மணி நேரமும் சுற்றினால் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். அதாவது ஓர் ஆண்டு மைனிங், எட்டு ஆண்டு கேமுக்குச் சமம்! கரகர என்ற சத்தமும் ஆட்டமும் வருவது இதனால்தான். நல்ல வேளையாக ஃபேனை மாற்றிவிடலாம்.

அடுத்தது மெமரி. ஈத்தரியத்தின் புதிர், கணக்குப் போடுவதை விட மெமரியைப் படிப்பதற்கே அதிக வேலை வைக்கும்படி அமைந்திருந்தது. அதனால் மைனிங் செய்தவர்கள் சிப்பின் வேகத்தைக் குறைத்து, மெமரியின் வேகத்தை நிறுவனம் நிர்ணயித்ததற்கு மேலே ஏற்றி வைத்தார்கள். ஆர்.டி.எக்ஸ். 3080, 3090 கார்டுகளில் இருக்கும் ஜி.டி.டி.ஆர். 6எக்ஸ் வகை மெமரி இயல்பிலேயே சூடானது. சரியான காற்றோட்டம் இல்லாத இடத்தில் மைனிங் செய்தபோது அது 110 டிகிரியைத் தொட்டு, தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. 3090-ல் 24 மெமரி சிப்களில் 12 கார்டின் முதுகுப் பக்கத்தில் உள்ளன. அங்கே ஃபேன் காற்று போகவே போகாது. எனவே 3090 கார்டு மைனிங்கில் ஓடியது என்று தெரிந்தால் நான் இரண்டு மடங்கு எச்சரிக்கையாகப் பார்ப்பேன். 3060, 3060 டிஐ போன்றவற்றில் பெரும்பாலும் சாதாரண ஜி.டி.டி.ஆர். 6 மெமரிதான்; அவ்வளவு கவலை இல்லை.

மூன்றாவது, சிப்புக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே தடவும் தெர்மல் பேஸ்ட்டும், மெமரி மேல் ஒட்டும் தெர்மல் பேடும். வெகுநாள் சூட்டில் பேஸ்ட் காய்ந்துவிடும். பேடிலிருந்து எண்ணெய் போலக் கசியும். கார்டின் ஓரத்தில் பிசுபிசுப்பு தெரிந்தால் அது இந்த எண்ணெய்தான். இதனால் ஷார்ட் சர்க்யூட் ஆகாது. ஆனால் கார்டு வெகுநாள் வெந்திருக்கிறது என்பதற்கு அது சாட்சி. இதையும் மாற்றலாம். பேடின் தடிமன் ஒவ்வொரு மாடலுக்கும் வேறுபடும் என்பதால், அனுபவம் உள்ளவரிடம் கொடுத்து மாற்றுவதே நல்லது.

விற்பவர் சொல்லும் கதைகள்

"இது எல்.ஹெச்.ஆர். கார்டு சார், இதில் மைனிங்கே செய்ய முடியாது" என்பார்கள். 2021-ல் என்விடியா நிறுவனம் மைனிங் வேகத்தைப் பாதியாகக் குறைக்கும் கட்டுப்பாட்டுடன் கார்டுகளை வெளியிட்டது உண்மை. அந்தக் கட்டுப்பாட்டை மைனிங் சாப்ட்வேர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, 2022 மே மாதத்தில் முழுவதுமாக உடைத்துவிட்டதும் உண்மை. எனவே எல்.ஹெச்.ஆர். என்ற எழுத்துகள் எதற்கும் உத்தரவாதம் அல்ல.

பில்லில் உள்ள தேதிதான் நம்பகமான சாட்சி. 2022 செப்டம்பருக்குப் பிறகு புதிதாக வாங்கிய கார்டு என்றால் மைனிங்கில் ஓடியிருக்க வாய்ப்பு குறைவு. ஆர்.டி.எக்ஸ். 4000 வரிசை சந்தைக்கு வந்ததே 2022 அக்டோபரில்தான். மாறாக, ஒருவரே ஒரே மாடல் கார்டு ஐந்தாறு வைத்து விற்றால் அவர் கேம் ஆடியிருக்க மாட்டார். ஒரு மனிதருக்கு இரண்டு கைகள்தான்.

சென்ற ஆண்டு என் சித்தி மகன் கார்டு வாங்கப் புறப்பட்டான். கல்லூரியில் படித்துக்கொண்டே பிளெண்டர் சாப்ட்வேரில் அனிமேஷன் கற்று வருகிறான். வார இறுதிகளில் பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்து, 16 ஆயிரம் ரூபாய் சேர்த்திருந்தான். புதிய கார்டுக்கு அது போதாது. அந்தப் பணம் வீணானால் இன்னோர் ஆண்டு டியூஷன் எடுக்க வேண்டும். "அண்ணா, நீங்களும் வாங்க" என்று அழைத்தான்.

முதலில் பார்த்தவர், "ஞாயிற்றுக்கிழமை மட்டும் கேம் ஆடினது சார், மைனிங் என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது" என்றார். 3060 டிஐ கார்டு. துடைத்து வைத்த வெள்ளிப் பாத்திரம் போல இருந்தது. சீரியல் நம்பர் ஸ்டிக்கரை மட்டும் காணவில்லை. சோதனையை ஓட விட்டோம். ஏழாவது நிமிடம் சிப்பின் சூடு 76 டிகிரி. சிப்பில் மிகச் சூடான புள்ளியின் சூடு 104 டிகிரி. இடைவெளி 28. "ரூமில் ஏசி இல்லை சார், அதான்" என்றார். அறை சூடாக இருந்தால் இரண்டு எண்ணும் சேர்ந்து ஏறும். இடைவெளி அவ்வளவு விரியாது. பேஸ்ட் காய்ந்துபோயிருந்தது. வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

இரண்டாவது ஆள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டார். "தம்பி, இது ஒன்றரை வருஷம் மைனிங்கில் ஓடினது. 125 வாட்டில்தான் வைத்திருந்தேன். 2022 செப்டம்பரில் நிறுத்தினேன். இடது ஃபேன் சத்தம் போட்டது, மாற்றிவிட்டேன். பேஸ்ட்டும் புதுசு." ஃபேன் வாங்கிய பில்லையும் கார்டின் பில்லையும் எடுத்து வைத்தார். அரை மணி நேரம் சோதித்தோம்; அவர் டீ போட்டுக் கொடுத்தார். சூட்டின் இடைவெளி 13 டிகிரி. கேட்டது 17 ஆயிரம், முடிந்தது பதினாலரை. மைனிங்கில் ஓடாத கார்டு என்று சொன்னவரை விட்டுவிட்டு, ஓடிய கார்டு என்று சொன்னவரிடம் வாங்கினோம்.

எப்படிச் சோதிப்பது?

கார்டு ஓடும் கம்ப்யூட்டரில்தான் பார்க்க வேண்டும். விற்பவரிடம் கம்ப்யூட்டர் இல்லை என்றால் உங்கள் கேபினட்டைத் தூக்கிக்கொண்டு போங்கள். சிரமம்தான். ஆனால் "வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பாருங்கள் சார்" என்பவரிடம் பணம் கொடுத்துவிட்டு அலைவது இதைவிடச் சிரமம்.

முதலில் கண்ணால் பாருங்கள். பிராக்கெட்டிலும் ஸ்குரூக்களிலும் துரு உள்ளதா? கடலோர ஊர்களில் திறந்த கொட்டகையில் ஓடிய கார்டுகளில் இது தெரியும். மின் இணைப்புப் பின்கள் கருகியுள்ளனவா? சிப்களைச் சுற்றி வெள்ளைப் பூச்சு உள்ளதா? மைனிங் கார்டுகளைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் வீடியோக்கள் 2022-ல் இணையத்தில் பரவின. சரியாகக் காயாத கார்டில் அப்படிப் பூச்சு படியும். கார்டைப் பிரித்த அடையாளம் இருந்தால் உடனே முகம் சுளிக்க வேண்டாம். எதற்குப் பிரித்தார் என்று கேளுங்கள். பேஸ்ட் மாற்றப் பிரித்திருந்தால் அது நல்லதுதான்.

அடுத்து ஜி.பி.யு-இசட் என்ற இலவசப் புரோகிராமை டவுன்லோட் செய்து இயக்கவும். கார்டின் ஜாதகம் முழுவதும் ஒரே விண்டோவில் தெரியும். பெயருக்கு முன்னால் 'ஃபேக்' என்று காட்டினால் அது போலிக் கார்டு. பழைய சிப்பில் புதிய பெயரை எழுதி விற்கிறார்கள். 'ஷேடர்ஸ்' என்ற இடத்தில் உள்ள எண்ணையும் பாருங்கள். ஆர்.எக்ஸ். 580 என்றால் 2304 இருக்க வேண்டும். 2048 என்றிருந்தால் அது பெயரில் மட்டும் 580. வேகத்தில் 570-க்குச் சமம். ஜி.டி.எக்ஸ். 1060-ல் 6 ஜிபி கார்டுக்கு 1280, 3 ஜிபி கார்டுக்கு 1152.

பிறகு ஃபர்மார்க் என்ற புரோகிராமை 15 நிமிடம் ஓட விட்டு, ஜி.பி.யு-இசட்டின் 'சென்சார்ஸ்' டேபைக் கவனிக்கவும். சிப்பின் சூடு 80-ஐ ஒட்டி நின்றுவிட்டால் நல்லது. மிகச் சூடான புள்ளி அதைவிட 10 முதல் 15 டிகிரி கூடுதலாக இருப்பது இயல்பு. 25-ஐத் தாண்டினால் பேஸ்ட் போயிற்று. மெமரியின் சூட்டையும் காட்டும் கார்டுகளில் அது 100-ஐத் தாண்டினால் பேட் மாற்றும் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள். காதையும் தீட்டிக்கொள்ளுங்கள், ஃபேன் முழு வேகத்தில் சுற்றும்போது காற்றுச் சத்தம் மட்டுமே கேட்க வேண்டும்.

மெமரிக்குத் தனிச் சோதனை உண்டு. ஓ.சி.சி.டி. என்ற புரோகிராமில் விராம் டெஸ்ட் என்று இருக்கும். அது மெமரியில் எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடும். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்தக் கார்டு வேண்டாம். இதில் மட்டும் இரக்கம் காட்டாதீர்கள். ஃபேனைப் போல மெமரியை எளிதாக மாற்ற முடியாது. திரையில் வண்ணப் புள்ளிகள், சதுரக் கட்டங்கள், கோடுகள் தோன்றுவதும் இதே நோயின் அறிகுறிதான். கடைசியாக, ஒவ்வொரு எச்.டி.எம்.ஐ., டிஸ்ப்ளே போர்ட்டிலும் கேபிளை மாற்றி மாற்றிச் செருகிப் படம் வருகிறதா என்று பார்க்கவும்.

புதியவர்கள் தவிர்க்க வேண்டியவை

பி106-100, பி104-100, சி.எம்.பி. 30எச்.எக்ஸ். போன்றவை மைனிங்குக்கென்றே செய்யப்பட்டவை. பின்னால் மானிட்டர் கேபிள் செருக இடமே இல்லை. "சின்ன டிரிக் சார், கேம் ஆடலாம்" என்பார்கள். ஆடலாம்தான், ஆனால் டிரைவரோடு மல்லுக்கட்டத் தெரிய வேண்டும். முதல் கார்டு வாங்குபவருக்கு இது ஆகாது.

ஆர்.எக்ஸ். 470, 480, 570, 580 கார்டுகளில் பலவற்றின் பயாஸை மைனிங்குக்காக மாற்றியிருப்பார்கள். அப்படிப்பட்ட கார்டை ஏ.எம்.டி.யின் டிரைவர் ஏற்காமல் அடம் பிடிக்கும். பழைய பயாஸைத் திரும்ப எழுதிக் கொடுத்தால்தான் வாங்குவேன் என்று சொல்லிவிடுங்கள். நீங்களே எழுத முயல வேண்டாம். நடுவில் மின்சாரம் போனால் கார்டு படுத்துவிடும்.

ஜி.டி.எக்ஸ். 1060 போன்ற 1000 வரிசைக் கார்டுகள் மலிவாகக் கிடைக்கும். ஆனால் இவற்றுக்குப் புதிய கேம்களுக்கான டிரைவர் தருவதை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். பழைய கேம்கள் போதும் என்பவர்கள் வாங்கலாம்.

வாங்கும் முன் உங்கள் எஸ்.எம்.பி.எஸ். மேல் ஒட்டியுள்ள ஸ்டிக்கரைப் படித்துப் பாருங்கள். கேபினட்டோடு இலவசமாக வந்த எஸ்.எம்.பி.எஸ். என்றால் அதில் எழுதியுள்ள வாட்டை நம்பாதீர்கள். 170 வாட் எடுக்கும் ஆர்.டி.எக்ஸ். 3060-க்கே 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். வேண்டும் என்கிறது என்விடியா. 320 வாட் எடுக்கும் 3080-க்கு 750 வாட். நல்ல எஸ்.எம்.பி.எஸ்ஸின் விலையையும் சேர்த்துத்தான் கார்டின் விலையைக் கணக்கிட வேண்டும். கார்டின் நீளத்தையும் கேபினட்டின் உள்ளளவையும் டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

விலைக்கு என் கணக்கு இதுதான். அதே வேகம் தரும் புதிய கார்டு இன்று என்ன விலையோ, அதில் பாதிக்கு மேல் மைனிங் கார்டுக்குத் தர மாட்டேன். வாரண்டி முடிந்திருக்கும்; 2021, 2022-ல் வாங்கிய கார்டுகளின் 3 ஆண்டு வாரண்டியெல்லாம் தீர்ந்துவிட்டது. பில் இல்லாவிட்டால் இன்னும் குறைத்துக் கேட்பேன். ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் கேட்கவே மாட்டேன்.

கார்டை வீட்டுக்குக் கொண்டுவந்ததும், பழைய கார்டின் டிரைவர் ஏதாவது இருந்தால் டி.டி.யு. என்ற இலவசப் புரோகிராம் மூலம் நீக்கிவிட்டு, நிறுவனத்தின் தளத்திலிருந்து புதிய டிரைவரை இறக்கிப் பதியவும். விற்பவரிடம் ஒரு வாரத் தவணை கேட்டுப் பெற்றிருந்தால், அந்த ஏழு நாளும் கார்டை நன்றாக வேலை வாங்குங்கள். நாளைக்கு ஒரு மணி நேரமாவது கேமோ, ரெண்டரிங்கோ ஓட வேண்டும். ஜி.பி.யு-இசட்டில் 'லாக் டு பைல்' என்ற கட்டத்தில் டிக் செய்துவிட்டால், சூட்டின் அளவெல்லாம் ஒரு பைலில் பதிவாகிக்கொண்டே வரும். கார்டைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தால் அந்தப் பைலைக் காட்டிப் பேசலாம்.